ஏர் கன் தெரிந்த ஆள்

காலை ஒன்பது நாற்பதுக்கு அட்டைப்பெட்டி மேசைக்கு வந்தது. பன்னிரண்டு மணிக்கு மெஷின் கம்பெனி என்ஜினியர் வருவார்.

"பிரிங்க மாஸ்டர்," என்றாள் முதலாளியம்மா. "உங்களை நம்பித்தான் வாங்கியிருக்கேன்."

அவரை மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு நாள் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினான்கு வருடம் சோஃபாவுக்கும் நாற்காலிக்கும் உறை போட்டவர். சுத்தியல், சின்ன ஆணி. ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கு நுனிக்குத் தள்ளி எடுத்து அடிப்பார். வேலை சுத்தமாக இருக்கும். காற்றில் பின் அடிக்கும் ஏர் கன்னை அடுத்தவர் கையில் பார்த்திருக்கிறார். அதுவும் தெருவில் நின்றபடி.

வேலை கேட்டு வந்த அன்று பேசியது அவர் இல்லை. மனைவியின் அண்ணன். அதே பட்டறையில் வேன் ஓட்டுகிறவன்.

"ஏர் கன் தெரியுமா?" என்று முதலாளியம்மா கேட்டாள்.

"ஆறு வருஷம் மேடம்," என்றான் மச்சான். "கண்ணை மூடிக்கிட்டு அடிப்பார்."

மாஸ்டர் தலையாட்டினார். நான்கு மாதமாக வேலை இல்லை. தலை தானாக ஆடியது.

"ஹோட்டலுக்கு நாற்பது நாற்காலி போகணும்," என்றாள் இப்போது. "என்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் மெஷினுக்கு கியாரண்டி. அவர் முன்னாடி ஒரு சீட் அடிச்சுக் காட்டுங்க. சரியில்லைன்னு அவர் சொன்னா மெஷினையும் திருப்பி அனுப்பிடுவேன், ஆளையும் திருப்பி அனுப்பிடுவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மச்சானும் சிரித்தான். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் அறைக்குப் போனாள். அந்த அறைக்கும் பட்டறைக்கும் நடுவே கண்ணாடி. அவள் நிமிர்ந்தால் மேசை தெரியும்.

பெட்டிக்குள் ஏர் கன் இருந்தது. ஒரு சின்ன எண்ணெய் பாட்டில், வளைந்த சாவி இரண்டு, பின் பாக்கெட், மடித்த காகிதம் ஒன்று. காகிதத்தில் பதினொரு மொழிகள். எதுவும் இவர்களுக்குத் தெரிந்த மொழி இல்லை.

"படம் இருக்குல்ல," என்றான் மச்சான். "இதோ பாரு மாப்ள. கண்ணு. பக்கத்துல பெருக்கல் குறி."

"அப்படின்னா?"

"கண்ணை மூடிக்கணும்னு அர்த்தம்."

"அதான் நீ முன்னாடியே சொல்லிட்டியே."

மாஸ்டர் பின் பாக்கெட்டைப் பிரித்தார். பின்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு ஒரு நீளத் துண்டாக இருந்தன. யோசித்துக்கொண்டே ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பதினான்கு வருடப் பழக்கம்.

கதவு திறந்தது.

"வாயில என்ன மாஸ்டர்?"

வெளியே எடுத்தார். "துருப் பார்க்கறேன் மேடம். துரு இருந்தா நாக்குல தெரிஞ்சுடும்."

"கம்பெனிப் பின்னுலயுமா?"

"கம்பெனியை நம்பக் கூடாது மேடம்."

அவள் சற்று நின்று, மரியாதையாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"மாப்ள," என்றான் மச்சான் மெதுவாக. "நீ என்னைத் தூக்கிச் சாப்பிட்டுடுவ."

கம்ப்ரஸர் பழையது. எப்போதோ பெயிண்ட் அடிக்க வாங்கியது. மூலையில் ஒரு வருடம் சும்மா கிடந்தது. ஓடவிட்டார்கள். ஹோஸை ஏர் கன்னில் மாட்டினார் மாஸ்டர். மாட்டிய இடத்தில் காற்று சீறியது. மச்சான் வேனிலிருந்து வெள்ளை டேப் கொண்டுவந்தான். எட்டுச் சுற்றுச் சுற்றினார்கள். சீற்றம் முனகலானது.

"காத்து எவ்வளவு வெக்கணும்?"

"வேன் டயருக்கு முப்பத்தஞ்சு."

"இது டயரா மச்சான்?"

"காத்து காத்துதானே."

பின் துண்டை ஏர் கன்னுக்குள் செருகி, காற்றை முப்பத்தைந்தில் வைத்தார். பலகையின் மேல் ஃபோம், அதன்மேல் துணி. கிரீம் நிறம், பழுப்புக் கோடு. துணியைப் பலகையின் அடிப்பக்கம் இழுத்து மடித்து அழுத்தினார். டொக். பின் பாதி உள்ளே போனது. பாதி வெளியே நின்றது.

மாஸ்டர் இடுப்பிலிருந்து சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். பின் உள்ளே போய்விட்டது. அவர் முகத்தில் லேசாக நிம்மதி வந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் தலை நிமிர்ந்தது.

"சுத்தியலை ஒளிச்சு வை, ஒளிச்சு வை!" என்றான் மச்சான்.

ஃபோமுக்கு அடியில் செருகினார். கதவு திறந்தது.

"என்னமோ தட்டற சத்தம் கேட்டுதே?"

"கம்ப்ரஸர் மேடம்," என்றான் மச்சான். "ரொம்ப நாள் கழிச்சு ஓடுதில்ல. இருமுது."

அவள் போனதும் மாஸ்டர் ரெகுலேட்டரைத் திருகினார். முள் நூற்றிருபதுக்குப் போனது. அழுத்தினார். பின் துணியைக் கிழித்துக்கொண்டு பலகைக்குள் புகுந்தது. மறுபக்கம் ஃபோமைத் தடவினால் கையில் குத்தியது.

"யார் இதுல உட்காருவா?" என்றார் மாஸ்டர்.

"கோவமா இருக்கறவங்க உட்காரட்டும். அடுத்ததை அடி."

அடுத்த அழுத்தலில் பின்னோடு தண்ணீரும் வந்தது. துருநிறத் தண்ணீர். துணியில் கையகலத்துக்குப் படர்ந்தது.

"டாங்கியில தண்ணி கோத்திருக்கு," என்றான் மச்சான். இந்த ஒரு விஷயம் அவனுக்கு உண்மையாகவே தெரிந்திருந்தது. "அடியில ஒரு திருகு இருக்கும். திறந்து விட்டா போயிடும்."

காற்றைக் குறைத்துவிட்டுத் திறக்க வேண்டும் என்பது தெரியவில்லை. குனிந்து திருகினான். ஒரு வருடத் தண்ணீர் அவன் சட்டையில் ஏறியது. கழுத்திலிருந்து பெல்ட் வரை.

மச்சான் அசையாமல் நின்றான்.

"இது புதுச் சட்டை மாப்ள."

"தெரியும். என் கல்யாண நாளுக்கு உன் தங்கச்சி எனக்கு எடுத்தது. நீதான் போட்டுக்கிட்டு சுத்தற."

பத்து ஐம்பத்தைந்து.

காகிதத்தில் அடுத்த படம் ஒரு சொட்டு எண்ணெய்.

"ஒரு சொட்டுதான் போட்டிருக்கு," என்றார் மாஸ்டர்.

"படத்துக்கு ஒரு சொட்டு போதும். நமக்கு நாற்பது நாற்காலி இருக்கு."

பாட்டில் முழுவதையும் ஏர் கன்னுக்குள் ஊற்றினார்கள். மாஸ்டர் அழுத்தினார். பின் வந்தது. பின்னுக்குப் பிறகு எண்ணெய், விசிறி போலப் பரந்து வந்தது. துணியில், மேசையில், மாஸ்டரின் மூக்குக்கண்ணாடியில்.

பாலிஷ் அறையிலிருந்து தின்னர் எடுத்துவந்து துடைத்தார். எண்ணெய் கொஞ்சம் போனது. பழுப்புக் கோடும் அதோடு கிளம்பியது. நேராக இருந்த கோடு வளைந்து பக்கத்துக் கோட்டின் வீட்டுக்குப் போய்விட்டது.

அந்த சீட்டை மேசைக்கு அடியில் தள்ள நினைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் முதலாளியம்மா போனில் பேசிக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தாள். அவர் சீட்டை உயர்த்தி, வெளிச்சத்தில் பிடித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். அவளும் தலையைச் சாய்த்தாள்.

பிறகு ஏர் கன் மூச்சே விடவில்லை.

அழுத்தினார். ஒன்றுமில்லை. குலுக்கினார், தட்டினார். ஒன்றுமில்லை.

"மூக்குல ஏதோ அடைச்சிருக்கு," என்றான் மச்சான். "உள்ள பாரேன்."

மாஸ்டர் அதைத் திருப்பி, மூக்கைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தார். அந்தப் படத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. சட்டென்று விலக்கினார். விரல் அழுந்தியது. பின் பறந்து எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரில், அன்றைய தேதிக்குள் போய் நின்றது.

இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

மணி பதினொன்று முப்பத்தைந்து.

"நான் உள்ள போய் உண்மையைச் சொல்லிடறேன்," என்றார் மாஸ்டர்.

"சொல்லு. உனக்கு வேலை போயிடும். ஆறு வருஷம்னு சொன்னது நான்தானே, எனக்கும் போயிடும். வீட்டுல யார் சொல்றது?"

மாஸ்டர் கையைத் துடைத்தார். "காலையில டிபன் பாக்ஸைக் குடுக்கும்போது உன் தங்கச்சி என்ன சொன்னா தெரியுமா? 'போயிட்டு வாங்க மாஸ்டர்'னா. சொல்லிட்டுச் சிரிச்சா. நாலு மாசத்துல இன்னிக்குத்தான் சிரிச்சா."

மச்சான் ஈரச் சட்டையைப் பிழிந்தான்.

மாஸ்டர் எழுந்தார். கதவை நோக்கி நான்கு அடி வைத்தார். கதவு திறந்தது. முதலாளியம்மாவும், அவளுக்குப் பின்னால் என்ஜினியரும்.

"சார் இருபது நிமிஷம் முன்னாடியே வந்துட்டார்," என்றாள்.

மடிப்புக் கலையாத சட்டை. கழுத்தில் அடையாள அட்டை. கையில் ஃபைல். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கை குலுக்கவில்லை. மேசையிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று, எல்லாவற்றையும் இடமிருந்து வலமாகப் பார்த்தார்.

"யார் செட் பண்ணது?"

"நான் சார்."

"அனுபவம்?"

"ஆறு வருஷம்," என்றாள் முதலாளியம்மா.

என்ஜினியர் எழுதிக்கொண்டார். "நான் எதையும் தொடப் போறதில்லை. எல்லாத்தையும் நீங்களே சொல்லணும். முதல்லேருந்து."

பேனா ஹோஸ் பக்கம் நீண்டது. "இந்த டேப்?"

"அதிர்வு தாங்கறதுக்கு சார்."

"எத்தனை சுத்து?"

"எட்டு."

எட்டு என்று எழுதினார். பேனா மச்சான் பக்கம் திரும்பியது. "இவர் ஏன் நனைஞ்சிருக்கார்?"

"டாங்கியில தண்ணி எடுத்தோம் சார். தினமும் எடுக்கணும்."

"தினமும்?" என்ஜினியர் நிமிர்ந்து பார்த்தார். நீண்ட பார்வை.

"தினமும் சார்."

அதன் கீழே கோடு போட்டார்.

"துணியில எண்ணெய் இருக்கே."

"முதல் நாள் எண்ணெய் சார். குடிக்கறதைக் குடிச்சுட்டு மிச்சத்தைத் துப்பிடும். அதுக்குன்னே ஒரு சீட்டை ஒதுக்கிடறது."

"எத்தனை சொட்டு விட்டீங்க?"

மாஸ்டர் காலி பாட்டிலைப் பார்த்தார். "அது மெஷினோட தாகத்தைப் பொறுத்தது சார்."

முதலாளியம்மாவின் புருவம் ஏறியது. என்ஜினியரின் பேனா நிற்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் எழுதினார். பக்கம் நிரம்பித் திருப்பினார்.

"காலண்டர்ல பின் இருக்கு."

"நேராப் போகுதான்னு பார்த்தேன் சார்."

"எவ்வளவு தூரத்துலேருந்து?"

"எட்டு அடி."

"அதுவும் எட்டா?"

"எட்டுதான் கணக்கு சார்."

எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். "அடிச்சுக் காட்டுங்க."

மாஸ்டர் புது சீட் ஒன்றை எடுத்தார். துணியை விரித்தார், இழுத்தார், கட்டை விரலால் மூலையை மடித்தார். மடிப்பு மட்டும் பதினான்கு வருட வேலை. மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். மாஸ்டர் ஏர் கன்னின் மூக்கைப் பதித்து அழுத்தினார்.

டக்.

பின் துணியோடு துணியாகப் படிந்தது. இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. நாலு மூலையும் முடிந்தன. மாஸ்டர் ஓரக்கண்ணால் மீட்டரைப் பார்த்தார். முள் எழுபதில் நின்றிருந்தது. யாரும் வைக்கவில்லை; டேப் வழியே கசிந்து கசிந்து தானாக இறங்கியிருந்தது.

என்ஜினியர் முகம் துணியில் படும் அளவுக்குக் குனிந்தார். தொடவில்லை.

"மறுபடி."

அடித்தார்.

"இன்னும் மெதுவா."

மெதுவாக அடித்தார். என்ஜினியர் விரலைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார், மாஸ்டர் முகத்தைப் பார்த்தார். ஃபைலை மூடினார்.

"எப்படி சார்?" என்றாள் முதலாளியம்மா.

"இவர்கிட்ட நான் தனியாப் பேசணும்."

"ஏதாவது தப்பா?"

"தனியா, மேடம்."

அவள் மாஸ்டரை ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே போனாள். மச்சான் நெஞ்சில் கை வைத்தபடி பின்னால் நடந்தான். சட்டைக் கறையை மறைக்கிறானா, கும்பிடுகிறானா என்று சொல்ல முடியவில்லை.

கதவைத் தாழிட்டது என்ஜினியர்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு முகங்கள் ஒட்டியிருந்தன. அவர் அதற்கு முதுகைக் காட்டி நின்றார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், நானே உண்மையைச் சொல்லிடறேன்," என்றார் மாஸ்டர்.

என்ஜினியர் கையைக் காட்டி நிறுத்தினார். குரல் தாழ்ந்தது.

"இருங்கண்ணே, நான் சொல்லி முடிச்சுடறேன். உங்களுக்கு ஆறு வருஷம்னு அந்தம்மா சொன்னாங்க. எனக்குப் பத்துன்னு நானே கம்பெனியில சொல்லியிருக்கேன். வேலைக்குச் சேர்ந்தது நேத்து. சாயங்காலம் இன்னொரு பட்டறையில நான் அடிச்சுக் காட்டணுமாம். இந்தப் பின்னை எந்தப் பக்கமாண்ணே உள்ள போடணும்?"