பவளமதிலும் கொதிநீர் ஆணையும்

கடல் நடுவே ஏழலை என்றொரு நாடு இருந்தது. அதற்குக் கல்கோட்டை கிடையாது. கரையைச் சுற்றி வளர்ந்த பவளப்பாறைதான் மதில். அது உயிரோடு இருக்கும்வரை அலை ஊருக்குள் வராது. ஒரு வருஷம் கடலே சுட்டது. மதில் எலும்புபோல வெளுத்தது.

தாழை, சங்கு குளிப்பவரின் மகள்; அந்தக் குடியில் முதலில் படித்தவள். சூடு தாங்கும் நுண்ணுயிர் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் திருத்தி வளர்த்து, குடுவையில் கொண்டுவந்தாள். பவளத்துக்குள் குடியேறி அதைச் சாகாமல் காக்கும் உயிர் அது.

மதில்துறை அமைச்சர் பேரொலியார் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மூன்று தலைமுறையாக இந்நாட்டில் வாழ்ந்ததற்குச் சான்று?"

"ஐயா, இதுக்கு இருபது நிமிஷம் ஒரு தலைமுறை. நேத்து இந்நேரத்துல இருந்து எண்ணினாலே எழுபது ஆச்சு."

"தூய்மை?"

புதிதாகக் கடலில் இறங்கும் எதுவும் மஞ்சள்நீரில் கொதித்தே இறங்க வேண்டும் என்பது ஏழலையின் வழக்கம்.

"கொதிச்சா செத்துடும்யா!"

"சாகட்டும் அம்மணி. தூய்மையாகச் சாகும்."

முரசு முழங்க, குடுவையில் வெந்த அந்த நுண்ணுயிர்க் காவலர்கள் கடலில் இறக்கப்பட்டார்கள். மதில் மேலும் வெளுத்தது. இரண்டாம் ஆணை: இன்னும் நன்றாகக் கொதிக்கவிடுக. மூன்றாம் ஆணை: வெண்மை தூய்மையின் நிறம், குடிகள் மகிழ்க.

தாழைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொதிக்கவைக்காமல் ஒளித்துவைத்த இன்னொரு குடுவையோடு முங்கி, மதிலின் பிளவுகளில் ஊற்றிவிட்டு வந்தாள்.

நாற்பதாம் நாள் மறுபடி முங்கியவள் மேலே வர மறந்தாள். வெள்ளை எலும்பின் விரல்நுனிகளில் தேன்நிறம் ஏறியிருந்தது. அப்பால் பச்சை, அதற்கும் அப்பால் ஊதா. மூடிக்கிடந்த குட்டிக்குட்டி வாய்கள் பூவாக விரிந்து நீரைத் தடவின. கிளிமீன்கள் திரும்பி வந்து பாறையைக் கொறிக்கும் ஓசை, காதுக்குள் மழை பெய்வது போல இருந்தது. கண்ணுக்கே தெரியாதவை, முரசில்லாமல், முத்திரையில்லாமல், கோடானுகோடியாகக் கூடி ஒரு நாட்டின் மதிலைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தன. தண்ணீருக்குள்ளேயே கைகூப்பினாள் தாழை.

செய்தி பரவி, பேரொலியாரும் தோணியில் வந்து எட்டிப் பார்த்தார். திறந்த வாய் வெகுநேரம் மூடவில்லை. மூடியதும் அறிவித்தார்: "கொதிநீரின் மகிமை!"

"கொதிக்காததை ஊத்தினது நான்," என்றாள் தாழை. "நாடு கடத்துறதுன்னா கடத்துங்க. அதை மட்டும் தொடாதீங்க."

அமைச்சர் ஆழ்ந்து யோசித்தார். "அப்படியானால் கீழே தழைத்திருப்பது சட்டவிரோத உயிர்."

மறுநாள் ஆணை வந்தது: மதிலைத் தூய்மைப்படுத்த வீட்டுக்கு ஓர் அண்டா கொதிநீர். கரையெங்கும் ஆவி பறந்தது. தாழை ஓடிப்போய், இடுப்பளவு நீரில், மதில்மேல் ஏறி நின்றாள்.

வரிசையில் முதல் ஆளின் வீட்டுக்குள் போன மாதம்தான் கடல் புகுந்து போயிருந்தது. அவர் தலைத்துணியைக் கையில் சுற்றி அண்டாவைப் பிடித்திருந்தார். அப்படியும் கை வெந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் தள்ளிக்க தாயி," என்றார் அன்பாக. "மதிலைக் காப்பாத்தணும்ல?"