நின்றால் அணைகிற வண்டி

சேரன்மகாதேவி,
வியாழக்கிழமை.

அன்புள்ள மைத்துனர் வன்னியராஜுக்கு, இசக்கியப்பன் அத்தான் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்கா முப்பிடாதியும் இங்கே சுகம். தூத்துக்குடியில் நீயும் நித்யாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் கால்வாய்க்கரைப் பிள்ளையார் துணையிருப்பார். போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய கார் வாங்கப் போகிறாய். மைல்டு ஹைபிரிட், அதாவது பெட்ரோல் என்ஜினுக்குப் பேட்டரியும் கொஞ்சம் கைகொடுக்கும், நான் வாங்கின அதே மாடல். பார்த்த இரண்டில் வெள்ளை வண்டி நின்ற இடத்திலெல்லாம் அணைகிறது, சிவப்பு அணைவதே இல்லை, எதை நம்பி வாங்க என்று கேட்டிருக்கிறாய். இதெல்லாம் ஒரு கேள்வியா மாப்ளே? முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டினவன் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு சிவப்பை வாங்கு. நித்யா வேலைக்குப் போகவும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவும் உனக்கு இந்த ஒரு வண்டிதான், அது நடுரோட்டில் நின்றால் குடும்பமே நிற்கும்.

என் வண்டியும் முதலில் உன் வெள்ளையைப் போலத்தான் இருந்தது. வாங்கின மறுநாள் உன் அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன், ரயில்வே கேட் அடைத்திருந்தது, நியூட்ரலில் போட்டுக் கிளட்சை விட்டதுதான் தாமதம், என்ஜின் பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு. பின்னால் நின்ற பஸ்ஸில் யார் தெரியுமா, என்னோடு வேலை பார்த்த கண்டக்டர் மணிராஜ். "அண்ணாச்சி, ரிட்டயர் ஆனது நீரா, வண்டியா?" என்று அங்கன இருந்தே கத்துதான், பஸ்ஸே சிரிக்குது. கேட் திறந்ததும் அவனே நாலு பேரோடு இறங்கிவந்து தள்ளினான். நான் கிளட்சை மிதித்ததும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது, தள்ளினவர்கள் எல்லாம் தங்கள் கைராசி என்று பெருமையடித்துக்கொண்டார்கள். எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா, "மானத்த வாங்குத வண்டியில இனி நான் ஏற மாட்டேன், எனக்குப் பஸ்ஸு இருக்கு" என்றாள். பன்னிரண்டு நாள் ஏறவே இல்லை! பிறகு அவளே, வண்டி அணையாமல் இருந்தால் பிள்ளையாருக்கு ஒரு குடம் ஆற்றுத் தண்ணீரும் அருகம்புல்லும் சிதற உடைக்கப் பதினோரு விடலைத் தேங்காயும் என்று நேர்ந்துகொண்டாள். பலித்த பிறகு செய்வதுதான் ஊர்வழக்கம். அவளுக்கு எங்கே பொறுமை? மறுநாளே தாமிரபரணியில் குடத்தை நிரப்பி, அருகம்புல்லையும் அதிலேயே போட்டு, என் பக்கத்துச் சீட்டில் வைத்து, பின்னால் உட்கார்ந்துகொண்டு, "பைய போங்க, பைய போங்க" என்றாள். வேகத்தடையில் குடம் சாய்ந்தது. பிள்ளையாருக்குப் பாதி, சீட்டுக்குப் பாதி.

ஆனாலும் அவர் குறை வைக்கவில்லை. அன்றிலிருந்து பதினேழு நாள், என்ஜின் ஒருதரம்கூடத் தானாக அணையவில்லை! ஸ்டியரிங்குக்கு முன்னால் சின்ன மஞ்சள் விளக்கு ஒன்று இராப்பகலாய் எரிகிறது, உன் அக்கா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். இப்போது எதிர்வீட்டுக்குப் போகக்கூட வண்டி கேட்கிறாள். ஆகவே தயங்காதே, சிவப்பு.

நித்யாவை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நூறு வயசு நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
இசக்கியப்பன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடப் போகிற வழியில், காற்றடிக்க மெக்கானிக் தாஜ் முகம்மதுவிடம் நிறுத்தினேன். மஞ்சள் விளக்கைப் பார்த்தவர், "எத்தனை நாளா எரியுது அண்ணாச்சி?" என்றார். பெருமையாகச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "நின்னா அணையணும், கிளட்ச்ச மிதிச்சா முழிக்கணும், அதான்வே இதுக்கு ஆரோக்கியம். பெட்ரோல் மிச்சம் புடிக்கதுக்குச் செஞ்சு வச்சிருக்கு. அணையவே இல்லன்னா சீட்டுக்கு அடியில உள்ள ரெண்டாவது பேட்டரிக்குச் சீக்கு!" சீட்டைத் தூக்கினால் உள்ளே ஆற்றுத் தண்ணீரின் ஈரமும் அழுகின அருகம்புல்லும் கிடக்கின்றன. என்ஜினில் ஒரு குற்றமும் இல்லையாம், குற்றமெல்லாம் எங்கள் பக்கம்தான். மேலே எழுதியதை மறந்துவிட்டு வெள்ளையை வாங்கு. வண்டி பழையபடி நின்ற இடத்தில் அணையவேண்டும் என்று, கூட வந்த உன் அக்கா அங்கேயே மறுபடியும் நேர்ந்திருக்கிறாள். இந்தத் தடவை குடம் பஸ்ஸில் போகும்.