பொன்விழாவுக்கு இடையூறாக ஒரு பாடம்

ஒரு கல்லூரி தோன்றுவது பாடம் நடத்துவதற்காக என்று நினைப்பவர்கள் உலகம் அறியாதவர்கள். பாடத்தை எங்கு வேண்டுமானாலும் நடத்தலாம். ஒரு மரத்தடி போதும். கல்லூரி தோன்றுவது, ஐம்பது ஆண்டு கழித்துப் பொன்விழா கொண்டாடுவதற்காகவே. இந்த உண்மையை ஐயந்திரிபற உணர்ந்த ஒரு சிறிய கல்லூரியின் பெருமையைப் பணிவோடு சொல்லப் போகிறோம்.

அந்தக் கல்லூரியில் எல்லாரும் விழாவில் மூழ்கிக் கிடந்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் இயற்பியல் விரிவுரையாளர். மாணவர்கள் அவருக்கு 'மின்தடை' என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்த நல்ல காரியம் ஓடினாலும் குறுக்கே நிற்பார் என்பதால் முதல்வரும் மனத்துக்குள் அந்தப் பெயரையே பயன்படுத்தி வந்தார்.

மனிதரின் கவலை மிக அற்பமானது. விழா முடிந்த மறுவாரம் இறுதியாண்டுத் தேர்வு. மின்மாற்றிப் பாடம் இன்னும் தொடங்கவே இல்லை. அதிலிருந்து பெரிய கேள்வி வராத ஆண்டு கிடையாது. அந்தக் கேள்வியை விட்டால் பாதி வகுப்பு தேறாது. முதல் பெஞ்சில் உட்காரும் பெண்ணின் அப்பா, இந்த முறை கோட்டைவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதை நினைத்தால் விரிவுரையாளருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பாடம் நடத்த இடம் வேண்டுமே! வகுப்பறைகளில் வரவேற்புக் குழு, மேடைக் குழு, மலர்க் குழு, இந்தக் குழுக்கள் சண்டை போடாமல் பார்த்துக்கொள்ளும் குழு எல்லாம் குடியேறியிருந்தன. ஆய்வுக்கூடத்தில் வாடகை நாற்காலிகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. மாணவர்களோ காலை முதல் மைதானத்தில் கைதட்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

"இயல்பா தட்டுங்கப்பா, இயல்பா!" என்று உடற்பயிற்சி ஆசிரியர் விசில் ஊதினார். "யாரு அங்க, இஷ்டத்துக்கு இயல்பா தட்டறது? நான் சொல்லும்போதுதான் இயல்பா தட்டணும்!"

விரிவுரையாளர் விழாக்குழுக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"ஒரு மணி நேரம் கொடுங்க, போதும். பாடத்தை முடிச்சிடறேன்."

விழா ஒருங்கிணைப்பாளர் வணிகவியல் பேராசிரியர். வயதில் மூத்தவர், லாப நட்டம் தெரிந்தவர். "தம்பி, பரீட்சை வருஷா வருஷம் வருது. பொன்விழா ஒரே ஒரு தடவைதான் வரும். எதை விட்டுக்கொடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

"முதல் பெஞ்சுல ஒரு பொண்ணு இருக்கு, அதுக்கு அடுத்த வருஷம் வராதுங்க. படிப்ப நிறுத்திடுவாங்க."

முதல்வர் உருகிவிட்டார். "உங்க ஆதங்கம் எனக்கு நல்லாப் புரியுது. அதை விசாரிக்க ஒரு குழு போட்டுடலாமா?"

அன்று வீட்டில் விரிவுரையாளரின் மனைவி கையில் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, சுவத்தைப் பார்த்துப் பேசிட்டிருக்கீங்க?"

"மின்மாற்றிப் பாடம் நடத்தறேன்."

"சுவரு தேறிடுமா?"

"அதுக்கென்ன, கைதட்டல் பயிற்சிக்குப் போகாம நின்ன இடத்துல நிக்குதே. கண்டிப்பாத் தேறிடும்."

அடுத்த கூட்டத்தில்தான் அவருக்குக் கதவு திறந்தது. 'கல்விப் பணியில் ஐம்பது ஆண்டுகள்' என்ற மாபெரும் கண்காட்சியில் நிறுவனரின் கைத்தடி, முன்னாள் முதல்வர்களின் மூக்குக்கண்ணாடிகள், கயிறு இழுக்கும் போட்டியில் வென்ற கோப்பை எல்லாம் தயார். ஓர் அரங்கு மட்டும் காலியாக இருந்தது. கல்வி தொடர்பாக ஏதாவது வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்று யாரோ சொல்லிவிட, குழு தலையைப் பிய்த்துக்கொண்டது. தேடிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

விரிவுரையாளர் மெல்ல இருமினார். "ஒரு வகுப்பை வைக்கலாமே?"

"வகுப்புன்னா?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"கரும்பலகை, பெஞ்சு, பிள்ளைங்க, நடுவுல ஒரு வாத்தியார். அந்தக் காலத்துல எப்படிப் பாடம் நடந்துச்சுன்னு விருந்தினர்கள் நேர்ல பார்ப்பாங்க."

முதல்வரின் கண் கலங்கியது. "புதுமை! இப்படி ஒண்ணு யாருக்குமே தோணலையே!"

'மாதிரி வகுப்பு, இயங்கும் நிலையில்' என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சிறப்பு விருந்தினர் மேல் சுண்ணக்கட்டித் தூள் படக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

விழா நாள் வந்தது. அரங்கைச் சுற்றிக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். விரிவுரையாளர் கரும்பலகையில் முதல் கோடு போட்டதுமே கூட்டத்தை மறந்துவிட்டார். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதினார்கள். வெகுநாள் பட்டினி கிடந்தவனுக்கு இலை போட்டதுபோல இருந்தது அவருக்கு.

"பாருடி, கையெல்லாம் அசையுது!" என்று வேடிக்கை பார்க்க வந்த ஒரு தாய் தன் மகளுக்குக் காட்டினாள்.

சிறப்பு விருந்தினர் பரிவாரத்தோடு வந்து நின்ற நேரத்தில், முதல் பெஞ்சுப் பெண் கையைத் தூக்கினாள்.

"சார், நடுவுல இருக்கிற இரும்பை ஏன் சார் தகடு தகடா அடுக்கறாங்க? ஒரே கட்டியா வச்சா என்ன?"

விரிவுரையாளர் முகம் மலர்ந்தது. பாடத்தின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருந்தது.

விருந்தினர் சொக்கிப் போனார். அவரும் அங்கே படித்தவர்தான். "என்ன தத்ரூபம்! நெஜமாவே சந்தேகம் வந்த மாதிரியே கேக்குதே அந்தப் பொண்ணு! நான் படிச்சப்ப இப்படியெல்லாம் நடக்கலையே?"

"இப்பவும் நடக்கறதில்லைங்கய்யா," என்றார் முதல்வர் அடக்கத்தோடு. "உங்களுக்காகத் தனியா ஏற்பாடு பண்ணது."

பரிவாரம் நகர்ந்தது. ஒருங்கிணைப்பாளர் கயிற்றை அவிழ்த்தார். "தம்பி, ஐயா பார்த்தாச்சு, கலைச்சிடுங்க. பெஞ்செல்லாம் சாப்பாட்டுக் கூடத்துக்கு வேணும்."

"பதில் சொல்லிட்டு முடிச்சிடறேங்க!"

"யாரு பார்க்கப் போறா, பதிலை?"

பெஞ்சு கிளம்பிவிட்டது. "சார், அந்தத் தகடு..." என்று அந்தப் பெண் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். விரிவுரையாளருக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மேடையில் பரிசளிப்பு தொடங்கியது. சிறந்த காட்சிப்பொருளாக மாதிரி வகுப்பு தேர்வு பெற்றது. 'ஆசிரியர் வேடத்தில் சிறந்த நடிப்பு' என்று பொறித்த கேடயத்தை விருந்தினரே நீட்டினார். விரிவுரையாளர் அதை வாங்கவில்லை, ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கேடயம் வேண்டாங்கய்யா. விட்ட இடத்துலேர்ந்து பாடத்தை முடிக்க ஒரு மணி நேரம் கொடுங்க. இல்லைன்னா இந்தப் பிள்ளைங்க தேறமாட்டாங்க."

"கேக்கறாரே, கொடுத்துடுங்களேன்," என்றார் விருந்தினர்.

முதல்வர் எழுந்து வந்தார். ஒலிபெருக்கியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

"கேட்டவருக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் இந்தக் கல்லூரிக்குக் கிடையாது. மீதிப் பாடம் நமது நூற்றாண்டு விழாவில், இதே அரங்கில், கட்டாயம் நடத்தப்படும். அதுவரை இந்த இறுதியாண்டு மாணவர்களில் ஒருவர்கூட இந்தக் கல்லூரியை விட்டு வெளியேற மாட்டார் என்று உறுதி கூறுகிறேன்!"