விசாவுக்கு ஒரு பிணை

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் சந்திலிருந்து இதுவரை யாரும் அமெரிக்கா போனதில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதென்று என் வீட்டுக்காரர் டிரேவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தார். சர்ச் முடிந்து கறிக்கடையில் நிற்கும்போது செய்த முடிவு. வீடு வந்து சேர்வதற்குள் சந்து முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் கடைசியில் சொன்னார்.

அமெரிக்காவில் இருப்பது என் தங்கை ஜூலியா. அவளுக்கு முதல் பிரசவம். எங்களுக்கு அம்மா இல்லை. "அக்கா, பச்சப்பிள்ளையத் தூக்கவே எனக்குத் தெரியாது. நீ வந்தாத்தான் நான் பொழைப்பேன்" என்று போனில் அழுதாள். வீட்டுக்காரருக்கும் எனக்கும் இடுப்புப் பிள்ளை நோராவுக்கும் சேர்த்தே அழைப்பு அனுப்பியிருந்தாள்.

அவர் அதைப் படித்தார். மடித்தார். "ப்ரிஸி, நான் மட்டும் போறேன்" என்றார்.

"பிரசவத்துக்கா?"

"விசா விஷயம் உனக்குப் புரியாது. குடும்பத்தோட கேட்டா அங்கயே தங்கிடுவோம்னு ஆபீசர் பயப்படுவான். பெண்டாட்டி பிள்ளை இங்க இருந்தாத்தான், இவன் திரும்பி வருவான்னு நம்புவான். ஃபேக்டரில ஃபிராங்க்ளின் சொன்னான். நீயும் பாப்பாவும்தான் எனக்குப் பிணை."

"நீங்க போய் அங்க என்ன செய்வீங்க?"

"நயாகரா பாப்பேன்."

"ஜூலியா அந்தக் கோடில டெக்சாஸ்ல இல்ல இருக்கா?"

"போற வழிதானே!"

அடகு வைத்த நகை பேசாது. நானும் பேசவில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அவர் ஒருத்தர் முன்னாலேயே பாதிதான் வரும். ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது யோசனை நன்றாக வரும். ஜூலியா அழுத குரல் காதிலேயே நின்றது. குக்கரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவரிடம் போனேன்.

"ஏங்க, பிணை பிணைன்னு வாயால சொன்னா நம்புவாங்களா? கண்ணால பாத்தா நல்லதில்லையா?"

"அப்ளை பண்ணவங்களத்தான் உள்ள விடுவான், ப்ரிஸி."

"அப்ப எனக்கும் பாப்பாவுக்கும் போட்டுடுங்க. கிடைக்காதுன்னுதான் நீங்களே சொல்றீங்களே. சும்மா நிக்கத்தானே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை.

"சக்கத் ஐடியா, சூப்பர்! உனக்கும் மூளை இருக்குடி!"

மூன்று பேருக்கும் போட்டார். விசா நேர்காணல் சென்னையில். ரயிலில் போகும்போதே பாடம் எடுத்தார்.

"நீ வாயத் தொறக்கவே கூடாது. பாப்பாவ இடுப்புல வெச்சிக்கிட்டுப் பாவமா நில்லு. அது உனக்கு நல்லா வரும்."

"சரிங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா உட்கார்ந்திருந்தார்கள். இவர் இங்கிலீஷில் ஆரம்பித்தார். பீன்யா ஃபேக்டரியில் நிரந்தர வேலை, சொந்த வீடு, வயசான அப்பா, சர்ச் கமிட்டி என்று அடுக்கிக்கொண்டே போனார். பெங்களூரை விட்டு ஒரு நாளும் பிரிய முடியாத மனுஷன் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கடைசியில் எங்களைக் கை காட்டினார். நான் பாவமாக நின்றேன்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்கள்.

"வணக்கம். நீங்கள் எதற்காகப் போக விரும்புகிறீர்கள்?"

நியூஸ் வாசிக்கிற தமிழ். என் வீட்டுக்காரர் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. நான் வாயைத் திறக்கக் கூடாதுதான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் மரியாதை இல்லையே.

"தங்கச்சிக்குப் பிரசவம்ங்க. எங்களுக்கு அம்மா இல்ல. பிள்ளையக் குளிப்பாட்டணும். அவளுக்குப் பூண்டுக் குழம்பு வெச்சிக் குடுக்கணும். வேற ஆள் இல்லைங்க."

அந்த அம்மா தலையாட்டிவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"நீங்கள் குழந்தையைக் குளிப்பாட்டுவீர்களா?"

"நோ மேடம். ஒன்லி சைட் சீயிங்."

"எங்கே?"

"நயாகரா மேடம். டெக்சாஸ் பக்கத்துல."

அந்த அம்மா கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார்கள். பிறகு ஒரே ஒரு பாஸ்போர்ட் கண்ணாடிக்கு அடியில் வெளியே வந்தது. அவருடையது.

"உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைக்கும். உங்களுக்கு இந்த முறை இல்லை."

"மேடம்! இவ திரும்பி வரலைன்னா?"

"வருவார். நீங்கள்தான் இங்கே இருக்கிறீர்களே."

திரும்பி வரும் ரயிலில் காட்பாடி வரைக்கும் அவர் தன் பாஸ்போர்ட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். ஜோலார்பேட்டையில் வடை வாங்கினார். அதையும் நோரா பிடுங்கித் தின்றுவிட்டாள்.

"நீ எதுக்குக் கூட வந்தே?"

"நிக்கத்தாங்க."

"நின்னியா நீ?"

"நின்னேங்க. அவங்கதான் கேட்டாங்க."

"ரெண்டு மாசம் என் சோத்துக்கு என்னடி வழி?"

"பூண்டுக் குழம்பு சொல்லித் தரட்டுங்களா?"

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஜூலியாவை நினைத்துக்கொண்டு அதைப் பொறுத்துக்கொண்டேன்.

சந்து முனையில் பக்கத்து வீட்டு ஆஞ்சலா ஆன்ட்டி பிடித்துக்கொண்டார்கள். பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னா டிரேவர், விசா கெடச்சிதா?"

"எங்க வீட்டுக்குக் கெடச்சிது ஆன்ட்டி."

"ஐயோ, ஸ்தோத்திரம்! அப்ப நீ எது வரைக்கும் போறே? நியூயார்க்கா, நயாகராவா?"

அவர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நம்ம தேவனஹள்ளி ஏர்போர்ட் வரைக்கும், ஆன்ட்டி."