பத்தாயத்தில் பூட்டிய வெளிச்சம்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. ஐப்பசியில் முதல் இடி இடித்ததும் மற்றவர்களெல்லாம் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். இந்த இனம் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடும். திரும்பி வரும்போது அந்தப் பையில் மெழுகுவர்த்தி இருக்கும், பண்டில் பண்டிலாகத் தீப்பெட்டி இருக்கும், டார்ச் இருக்கும், டார்ச்சுக்கு பேட்டரி இருக்கும், அந்த டார்ச் பழுதானால் எடுக்க இன்னொரு டார்ச் இருக்கும், இருபது முழம் நைலான் கயிறும் இருக்கும். கயிறு எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். "நேரம் வரும்போது தெரியும்" என்று பதில் வரும். இந்த இனத்துக்கு முன்னேற்பாட்டுக்காரர் என்று நாமே ஒரு பெயர் வைத்துக்கொள்வோம்.

நல்ல பழக்கம்தானே, இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருங்கள். வாங்குவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. வாங்கியதை வெளியே எடுக்க வேண்டிய நாள் ஒன்று வருகிறது பாருங்கள், அன்றைக்குத்தான் ஆள் யாரென்று தெரியும்.

பொதுவாகப் பேசினால் இந்த இனம் பிடிபடாது. ஒருவரைப் பிடித்து நிறுத்திப் பார்ப்போம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய ஒரு தெருவில் வீரையன் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வாங்கியவர். வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்று செல்போனில் எவனாவது சொல்லிவிட்டால் போதும், அவர் முகத்தில் ஒரு களை வந்துவிடும். தாழ்வு வலுவிழந்து கரை கடக்காமல் போய்விட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கஜா புயலுக்குப் பிறகு அந்தத் தெருவில் பதினெட்டு நாள் மின்சாரம் கிடையாது. தென்னையெல்லாம் படுத்துவிட்டது, ஓடு பறந்துவிட்டது. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரே மகள் கனிமொழி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, பயமா இருக்கு" என்றாள். கையில் கொடுக்க அவரிடம் ஒரு மெழுகுவர்த்தி இல்லை. கடையிலும் இல்லை. அன்று மனிதர் உடைந்துபோனார். இனி என் வீட்டில் ஒருநாளும் இப்படி ஆகக் கூடாது என்று முடிவு செய்தார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பு அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

அவர் வீட்டுக் கூடத்தில் தேக்குமரப் பத்தாயம் ஒன்று உண்டு. இப்போது வயலிலேயே மிஷின் அறுத்து, நெல் நேராகக் கொள்முதலுக்குப் போய்விடுவதால், பத்தாயத்துக்கு வேலை இல்லை. வீரையன் வேலை கொடுத்தார். நெல் கொட்டி வைக்க வேண்டிய அந்த மரப்பெட்டிக்குள் ஆறு கம்பளி, நாலு எமர்ஜென்சி லைட், தார்ப்பாய், வெந்நீர்ப் பை, சார்ஜ் ஏற்றும் ஃபேன், ரஸ்க் பாக்கெட், இன்னும் என்னென்னவோ குடியேறின. எல்லாம் அட்டைப்பெட்டியோடு, பிளாஸ்டிக் கவரோடு, அந்துருண்டை வாசனையோடு இருந்தன. மேலே ஒரு பூட்டு. சாவி வீரையனின் அரைஞாணில்.

இன்வெர்ட்டரும் வாங்கினார். வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுவும் பெட்டிக்குள்தான். கடைக்காரர் மூஸா பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார்.

"அண்ணே, ஒரு போன் பண்ணுங்க, பையன அனுப்பி மாட்டித் தர்றேன். சும்மா கெடந்தா பேட்டரி செத்துப் போயிடும்ணே."

"மாட்டுனா அன்னையிலேருந்து அதுக்கு வயசு ஏற ஆரம்பிச்சுடும், மூஸா."

"மாட்டலைன்னாலும் ஏறுமேண்ணே!"

"நீங்க விக்கிறவர். உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது" என்று வீரையன் ஒரு டார்ச் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். அந்த இரண்டு வருஷத்தில் அந்தத் தெருவில் கரண்டே போகவில்லையா? போகாமல் என்ன! மழை தூறினால் போகும், காற்று அடித்தால் போகும், இரண்டும் இல்லாவிட்டால் சும்மாவும் போகும். ஒவ்வொரு தடவையும் வீட்டு அம்மாள் மலர்க்கொடி இருட்டில் நின்றுகொண்டு, "ஏங்க, அந்த லைட்ல ஒண்ண எடுங்களேன்" என்பார். ஒவ்வொரு தடவையும் வீரையன் சொல்லும் பதில் மூன்றே சொல்.

"இது அது இல்ல."

முன்னேற்பாட்டுக்காரரின் மூல மந்திரம் இதுதான். அவர் சேர்த்து வைத்திருப்பது 'அது' வரும்போது எடுக்க. 'இது' எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது ஆகாது. அரை நாள் கரண்ட் இல்லையா? இது அது இல்ல. மரம் விழுந்து கம்பி அறுந்ததா? இது அது இல்ல. இதற்கெல்லாம் எடுத்துவிட்டால் அது வரும்போது எங்கே போவது?

போன மார்கழியில் கனிமொழி பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை, நாற்பது நாள் ஆகியிருந்தது. வீரையனுக்கு ஒரே ஒரு ஆசைதான். முறைப்படி மூன்றாம் மாதம் வரை, பொங்கலையும் தாண்டி, பேத்தி தன் வீட்டில் இருக்க வேண்டும். தொட்டிலைத் தானே கட்டினார். மருமகன் பரிதி குத்தாலத்திலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "இங்க எல்லா வசதியும் இருக்கு மாப்ள, நீங்க கவலப்படாதீங்க" என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னார்.

மார்கழி மூன்றாம் தேதி மத்தியானம் காற்றும் மழையும் சேர்ந்துகொண்டன. படார் என்று தெருமுனை டிரான்ஸ்பார்மரில் ஒரு சத்தம். கரண்ட் போயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் கூடம் இருண்டுவிட்டது. வாடைக்காற்று ஜன்னல் இடுக்கில் புகுந்து தொட்டில் துணியை ஆட்டியது. மலர்க்கொடி வாயைத் திறக்கும் முன்பே வீரையன் முந்திக்கொண்டார்.

"இது அது இல்ல. ஒரு மணி நேரத்துல வந்துடும்."

வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குழந்தையின் ஈரத்துணிகள் கொடி கொடியாகத் தொங்கின. ஒன்றும் காய்வதாக இல்லை. மலர்க்கொடி கொட்டாங்கச்சித் தணல் போட்டு, கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஒவ்வொரு துணியாக விரித்துக் காய வைத்தார். பக்கத்து வீட்டு மருதையன் வாழ்க்கையில் எதற்கும் முன்கூட்டி ஏற்பாடு செய்தவனில்லை. சமையலுக்கு உப்பையே உலை ஏற்றிய பிறகு கடனாகக் கேட்கும் ஆள். அவன் டிராக்டர் பேட்டரியைக் கழற்றித் தூக்கி வந்து, ஒயரை மாட்டி, வீட்டில் பல்பு எரியவிட்டான். அந்த வெளிச்சத்தில் அவன் பிள்ளைகள் தாயம் விளையாடின.

"அண்ணே, ஒரு ஒயர் இழுத்து உங்க வீட்டுக்கும் தரவா?" என்று வேலிக்கு மேலே குரல் கொடுத்தான்.

"எங்ககிட்ட எல்லாம் இருக்குப்பா" என்றார் வீரையன், இருட்டுக்குள்ளிருந்து.

குழந்தை தும்மியது. மூக்கு அடைத்துக்கொண்டது. பால் குடிக்க முடியாமல் வாயை எடுத்து எடுத்து அழுதது.

"ஏங்க, புள்ளைக்குச் சளி கட்டுது. அந்தக் கம்பளியில ஒண்ணாவது எடுங்க."

வீரையனுக்கும் பேத்தியின் அழுகை தாங்கவில்லை. எழுந்தார். சாவியை எடுத்தார். பத்தாயத்தைத் திறந்தார். உள்ளே தலையை விட்டு ஒவ்வொரு கவராகத் தடவிப் பார்த்தார். எலி கடிக்கவில்லை, ஈரம் படவில்லை. மனசு நிறைந்துபோனது. மறுபடி பூட்டிவிட்டு வந்தார்.

"எல்லாம் பத்திரமா இருக்கு" என்றார்.

மலர்க்கொடி தன் பழைய நூல் புடவை ஒன்றை நாலாக மடித்துக் குழந்தைக்குச் சுற்றினார். அவர் வாய் மூடியிருந்ததை வீரையன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது, கரண்ட் வரவில்லை. பத்து மணிக்கு வாசலில் பரிதியின் கார் வந்து நின்றது. செல்போன்களெல்லாம் செத்துக் கிடந்ததால் அவன் வருவது யாருக்கும் தெரியாது. உள்ளே வந்தான், தொட்டிலைக் குனிந்து பார்த்தான், குழந்தையின் மூச்சு கரகரப்பதைக் கேட்டான்.

"மாமா, குத்தாலத்துல கரண்ட் இருக்கு. டாக்டரும் பக்கத்துலயே இருக்காங்க. நான் ரெண்டு பேரையும் அழைச்சிட்டுப் போறேன்."

"மூணாம் மாசம் அனுப்புறதுதானே மாப்ள முறை?"

"முறைதான் மாமா. புள்ளைக்கு மூச்சு முட்டுதே."

வீரையனுக்கு பேத்தி கையை விட்டுப் போகப் போகிறாள் என்று புரிந்துவிட்டது. இந்த நேரத்தில் மனிதர் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவர் செய்தது வேறு. மருமகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பத்தாயத்தைத் திறந்து காட்டினார்.

"பாருங்க மாப்ள! எங்க வீட்டுல என்ன இல்ல? கம்பளி இருக்கு, லைட்டு இருக்கு, வெந்நீர்ப் பை இருக்கு, இன்வெர்ட்டர் இருக்கு. குத்தாலத்துல இவ்வளவு இருக்கா?"

பரிதி உள்ளே பார்த்தான். திரும்பி இருண்ட கூடத்தைப் பார்த்தான். கூடைமேல் காயும் துணியைப் பார்த்தான்.

"இவ்ளோ இருக்கா மாமா? அப்புறம் ஏன் எடுக்கல?"

"இதுக்கா? இது சும்மா மூணு நாள் கரண்ட் கட். அது வரும்போது எடுக்கணும்ல."

"எதுப்பா வரும்போது?" என்று பின்னாலிருந்து கேட்டது கனிமொழியின் குரல்.

"அதாம்மா, கஜா மாதிரி..."

"கஜாவுல நம்மகிட்ட ஒண்ணும் இல்ல, இருட்டுல உக்காந்திருந்தோம். இப்ப எல்லாம் இருக்கு, இப்பவும் இருட்டுலதான்ப்பா உக்காந்திருக்கோம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

காரில் பை ஏறியது. குழந்தையோடு கனிமொழி ஏறினாள். அப்போது வீட்டுக்குள் சரக்கென்று பிளாஸ்டிக் கிழியும் சத்தம். மலர்க்கொடி, திறந்து கிடந்த பத்தாயத்திலிருந்து இரண்டு கம்பளிகளை உருவி, கவரைக் கிழித்து எறிந்துவிட்டு, வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்.

"ஏய், அது அவசரத்துக்கு வச்சிருந்ததுடீ!" என்று வீரையன் பதறினார்.

மலர்க்கொடி நின்றார். காரைக் காட்டினார்.

"இதுதாங்க அது."

வீரையன் காரைப் பார்த்தார். ஜன்னலுக்குள் ஒரு சின்னக் கால் மட்டும் தெரிந்தது. உள்ளே ஓடினார். அறுபது வயதுக்கு அப்புறம் அவர் அப்படி ஓடியதை அந்தத் தெரு பார்த்ததில்லை. ஓர் எமர்ஜென்சி லைட்டைப் பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, மகளிடம் நீட்டி, எரிகிறதா என்று காட்ட ஸ்விட்சை அழுத்தினார். எரியவில்லை. மறுபடி அழுத்தினார். வாங்கிய நாளிலிருந்து அதற்கு ஒரு தடவைகூட சார்ஜ் போட்டதில்லை.

"அங்க போயி சார்ஜ் போட்டுக்கம்மா" என்றார். கனிமொழி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கார் போய்விட்டது.

கார் தெருமுனை திரும்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கரண்ட் வந்தது. கூடத்து விளக்கு, சமையல்கட்டு விளக்கு, மூன்று நாளாக அணைக்காமல் விட்டிருந்த அத்தனை விளக்கும் பட்டப்பகலில் ஒன்றாக எரிந்தன. தொட்டில் காலியாகத் தொங்கியது. வீரையன் எழுந்து ஒவ்வொரு விளக்காக அணைத்தார்.

மனிதர் திருந்தியிருப்பார் என்று நினைப்பீர்கள். மறுநாள் மூஸா கடையில்தான் இருந்தார். போன கம்பளிக்குப் பதிலாக இரண்டு, அதோடு குழந்தைக்கென்று பூப்போட்ட சின்னக் கம்பளி ஒன்று. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பத்தாயத்தில் வைத்தார். "புள்ள திரும்பி வர்றப்ப வேணும்ல" என்றார் மலர்க்கொடியிடம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பூட்டைக் கையில் எடுத்தவர், கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, ஆணியில் மாட்டிவிட்டார். மூஸாவின் பையன் வந்து இன்வெர்ட்டரை மாட்டிக்கொண்டிருந்தான். பேட்டரி செத்திருந்தது.

சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. உங்கள் பீரோவின் மேல் தட்டில், கல்யாணத்துக்கு வந்த போர்வை ஒன்று கவர் பிரிக்காமல் இருக்கிறதே, அது எந்தக் குளிருக்கு? விருந்தாளி வந்தால் எடுப்பதற்கென்று அடுக்கி வைத்திருக்கும் கண்ணாடித் தம்ளர்களில், பத்து வருஷமாக எந்த விருந்தாளி குடித்தார்? அதெல்லாம் வேறு, நான் வீரையன் இல்லை என்கிறீர்கள். சரி, நம்புகிறேன். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் வீட்டு எமர்ஜென்சி லைட்டை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். கரண்ட்தான் இருக்கிறதே, இப்போது என்ன அவசரம் என்று தோன்றுகிறதா? அப்படியே உட்காருங்கள். வீரையனுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. கொஞ்சம் இருட்டாக இருக்கும்.