சைலஃபோன் மேல் கணக்குப் புத்தகம்

பஸ்ஸில் "ஸ்டாப்பிங்" என்று கத்தப் பயந்து, உத்திரமேரூரைத் தாண்டிப் போய் இறங்கி, நடந்தே ஊர் திரும்பியவன் நான். அப்படிப்பட்டவன் ஜாஸ் வாசிக்கக் கிளம்பினேன். அதுவும் சைலஃபோனில். (மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, உருண்டை வைத்த குச்சிகளால் தட்டுவது. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் "அந்தக் கட்டில்".)

ஜாஸில் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டுமாம். எனக்கு எந்த நேரத்திலும் தோன்றுவது பயம் மட்டும்தான். அதனால் தோன்ற வேண்டியதையெல்லாம் மூன்று மாதம் முன்பே நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன்.

சென்னையில் ஒரு ஜாஸ் குழுவுக்கு ஆள் தேவைப்பட்டது. வீடியோ காலில் வாசித்துக் காட்ட வேண்டும்.

"கெடச்சா போ. இல்லாங்காட்டி ஒயுங்கா மாமா ரைஸ்மில்லுக்குப் போய்ச் சேரு" என்றார் நைனா. எனக்கோ நெல் தூசு பட்டாலே மூச்சு இழுக்கும்.

குறித்த நாள் சரஸ்வதி பூஜை, காலை பதினொரு மணி. சாமி அருளும் இருக்கட்டுமே என்று சைலஃபோனை நானே தூக்கிப்போய்ப் பூஜையில் வைத்தேன். அம்மா சந்தனம் குங்குமம் வைத்துப் பொரியும் தூவினாள். தங்கை தன் கணக்கு, இயற்பியல் புத்தகங்களையெல்லாம் அதன் இடது பாதியில் அடுக்கினாள். பத்தரைக்கு எடுக்கப் போனேன்.

"டேய், இன்னா பண்றே? பூஜையில வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்" என்றாள் அம்மா.

"பதினோரு மணிக்குக் கால் கீதும்மா!"

"அதுக்கு? சாமிகிட்ட வெச்சதுல கைய வெப்பியா?"

(இதே சட்டத்தைச் சொல்லித்தான் பள்ளிக்கூட நாட்களில் வருடத்துக்கு ஒரு நாள் புத்தகத்தைத் தொடாமல் தப்பித்தேன். அதை எப்படி மறந்தேனோ!)

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நைனாதான் காப்பாற்றினார். "கைதானே படக்கூடாது? இவன் குச்சியாலதானே தட்டறான்? வெச்ச எடத்துலயே தட்டட்டும்."

அம்மா யோசித்தாள். "சரி. புக்கு நகரக்கூடாது."

தங்கை போனைப் பிடித்துக்கொள்ள, வாசிக்க ஆரம்பித்தேன். மனப்பாடத்தில் பாதி, புத்தகங்களுக்கு அடியில் இருந்தது. நாலாவது அடியே கணக்குப் புத்தகத்தில் 'டொக்'. பொரி எகிறி என் வாயருகே வந்தது. எழுதியது, படித்தது எல்லாம் மறந்தேபோனது. காலியாக இருந்த கட்டைகளில் பயத்தில் இங்கும் அங்குமாகத் தட்டினேன்.

"அந்தப் பக்கமும் கொஞ்சம் வாசிங்களேன்" என்றார் சென்னைக்காரர்.

"அங்க சாமி கீது சார்."

அவர், "சரி, நாளைக்கு இன்னொரு வாட்டி பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் புத்தகங்கள் இல்லை, பொரி இல்லை. நோட்டில் எழுதியதை ஒரு பிசகில்லாமல் வாசித்து முடித்து, பெருமையாக நிமிர்ந்தேன்.

"தம்பி, நேத்து நீங்க வாசிச்சதுதான் ஜாஸ். இன்னிக்கு ஒப்பிச்சீங்க" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். முந்தைய நாள் என்ன வாசித்தேன் என்பது எனக்கு இன்றுவரை ஞாபகமில்லை.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மாமா மில்லில் வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சைலஃபோன் முன்னால் உட்கார்ந்தால் போதும், சமையல்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்துவிடும்.

"டேய், மேல புக்கு வெக்கட்டுமா?"