முப்பதாவது இனம்

வாவியில் எத்தனை வகை இனங்கள் உண்டு என்பதை ஆண்டுக்கொரு தடவை எண்ணிப் பதிவது சட்டம். முப்பதுக்குக் குறைந்தால் வாவி நோயுற்றதாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, கரையிலுள்ள குப்பைமேடு அகற்றப்படும். இந்த ஒரு விதிக்காகத்தான் மீராசாஹிப், எண்ணிக்கை உத்தியோகத்தர் ட்றெவரைத் தன் தோணியில் சும்மா ஏற்றிக்கொண்டார். ஐந்து வருடமாக அவருடைய வலையில் மீனைவிடக் குப்பைதான் அதிகம். இன்றோடு விடிவு வரும் என்று பாவம் மனிதர் மனதார நம்பினார்.

தோணியிலேயே பசியாறிக் கைகழுவிய கையோடு வலையை வீசினார். மத்தியானம் வரைக்கும் இறால், நண்டு, கெளுத்தி, மணலை என்று, கரையில் தூங்கிய கொக்கையும் சேர்த்து, பதினொரு வகைதான் தேறியது.

"பதினொண்டு சேர். எழுதுங்க," என்றார், சந்தோசத்தை மறைத்துக்கொண்டு.

ட்றெவர் நல்ல மனிதர், மூத்தவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்றழைப்பவர், படிவத்தை மதிப்பவர். தோணிக்குள் கிடந்த குவியலைக் காட்டி, "அவசரப்படாதீங்க காக்கா, இதெல்லாம் என்ன?" என்று கேட்டார்.

"ஷொப்பிங் பேக், யோகட் கோப்பை, ரெஜிபோம் சோத்துப் பெட்டி..."

இனம் எனப்படுவது வாவியில் தங்கி, அசைந்து, பெருகுவது என்று படிவம் திட்டவட்டமாகச் சொன்னது.

"இது வாவியில தங்குதா?"

"ஓம். போறதே இல்ல."

"அசையுதா?"

"காத்தடிச்சா நீந்தும்."

"பெருகுதா?"

"அதக் கேக்காதீங்க! வலையே கிழியுது."

"சாகுமா?"

"என்ட பேரன்ட காலத்திலயும் சாகாது."

'அழிவாபத்து அற்ற இனம்' என்று ட்றெவர் பயபக்தியோடு எழுதினார். கெளுத்திக்குக்கூட அந்தப் பெருமை கிடைத்ததில்லை.

மீராசாஹிப் பதறினார். "அல்லாஹ்வே, இது குப்பை சேர்! மீன் இதத் திண்டுதான் சாகுது!"

"மீன் தின்னுதா? அப்ப உணவுச் சங்கிலியிலயும் இடம் இருக்கு."

நிறம், பருமன், கைப்பிடி என்று பிரித்துப் பிரித்து எண்ணியும் கணக்கு இருபத்தொன்பதில் நின்றுவிட்டது. ட்றெவருக்கு விதியை வளைத்துப் பழக்கமில்லை. பேனையை மூடினார். "குப்பைமேடு போகும் காக்கா."

மீராசாஹிப்புக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தோணியோரம் ஒன்று மிதந்து வந்தது. மஞ்சள் கோடு போட்ட பச்சைப் பை, வாயில் இரட்டை முடிச்சு. ட்றெவர் எட்டி எடுத்தார். "இது பட்டியல்ல இல்லயே. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாமல் என்ன? காலையில் மனைவி சித்தி நபீஸா ரொட்டி கட்டிக் கொடுத்த பை. தின்ற மிச்சத்தை முடிந்து, கைகழுவும்போது அவரே வாவியில் விட்டது. முப்பது வருடப் பழக்கம், கைக்கு யோசனை தேவைப்படவில்லை. உண்மையைச் சொல்ல வெட்கம் விடவில்லை.

"காணாத சாமான் சேர்," என்றார்.

"அப்ப புது இனம்!" ட்றெவர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "முப்பது! முதல்ல கண்ட ஆள்ட பேரத்தான் வைக்கோணும் எண்டு விதி."

முப்பதாவது கோட்டில் அழகான கையெழுத்தில் 'மீராசாஹிப்' என்று எழுதினார்.

குப்பைமேடு அங்கேதான் இருக்கிறது. படிவத்தில் இன்னும் நிறையக் கோடுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. உங்கள் பெயருக்கும் என் பெயருக்கும் தாராளமாகப் போதும்.